மூடியுள்ள நத்தை

அக்டோபர் 27, ஞாயிறு

தினமும் எழுதி வையுங்கள் என்று டாக்டர் கோமதிநாயகம் சொன்னார். காய்ச்சல், வாந்தி, தலைவலி, தூக்கம், நடை. ஐந்து வாரத்துக்கு. பாதி எழுதிக் கிடந்த கல்லூரி நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

நேற்று நடந்தது இது. நான் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். பகல் ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டு இசக்கியக்கா போன் செய்தார். ஹெப்சி எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்து, நான் கல்லூரிக்குப் போகும் நாளெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். இப்போது அவளுக்கு மூன்று வயது. பிள்ளை எதையோ வாயில் போட்டு நறுக்கென்று கடித்துவிட்டாள், விரலை விட்டுத் தோண்டி எடுத்துவிட்டேன், நத்தை மாதிரி இருக்கிறது, உடனே வாருங்கள் என்றார். ஆட்டோ பிடித்து வந்தேன். காலண்டர் தாளில் பொதிந்து வைத்திருந்ததை என் கையில் கொடுத்தார். ஓட்டுத் துண்டுகள் நாலைந்து, கொஞ்சம் கொழகொழப்பு, வட்டமாக ஏதோ ஒன்று.

ஹெப்சி சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன தின்றாய் என்று கேட்டால் "பட்டன்" என்கிறாள். எத்தனை என்றால் "ரெண்டு." அவளுக்கு எதைக் கேட்டாலும் ரெண்டுதான். இட்லியும் ரெண்டு, நிலாவும் ரெண்டு.

இசக்கியக்கா வீட்டுப் பின்சுவர் முழுக்க ஆப்பிரிக்க நத்தைகள். மழை தொடங்கியதிலிருந்து தெருவெங்கும் அவைதான். பெரியவை உள்ளங்கை அளவு, குஞ்சுகள் பட்டாணி அளவு. சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடை, அதில் எலிகள். என் கணவர் தவசிங் சாயங்காலம் வந்து அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, இங்கேதான் எடுத்திருப்பாளா என்று என்னைக் கேட்டார். காலை ஒன்பதிலிருந்து இங்கேதான் இருந்தாள் என்றேன்.

நத்தைகள்தான் என் படிப்பு. அதனால் டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு உண்டு. எலியின் கழிவைத் தின்னும் நத்தைக்குள் அதன் குஞ்சுகள் வளரும். அந்த நத்தையைப் பச்சையாகத் தின்றுவிட்டால், மனித உடம்புக்குள் அவை வழி தவறி மூளைக்குப் போய்விடும். வருடா வருடம் வகுப்பில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். எலியிலிருந்து நத்தைக்கு ஓர் அம்பு. நத்தையிலிருந்து மனிதனுக்கு ஓர் அம்பு. அந்த மனிதனை நான் எப்போதும் வேட்டி கட்டிய ஆளாகத்தான் வரைவேன்.

டாக்டர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார். அது எவ்வளவு பலன் தரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அது எந்த நத்தை என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், நீங்கள்தானே அந்தத் துறையில் ஆள் என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நேற்று ஹெப்சி போட்டிருந்த கவுனைத் துவைத்துக் காயப்போட்டேன். அதன் பையில் கொஞ்சம் சருகுத்தூள் இருந்தது.

காய்ச்சல் இல்லை. வாந்தி இல்லை.

அக்டோபர் 28, திங்கள்

விடுப்பு எடுத்தேன். மருந்தை இரண்டு தடவை துப்பினாள். தேன் கலந்து கொடுத்ததும் இறங்கியது.

தவசிங் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். மழைக்காலத்தில் வீட்டில் ஐந்து நிமிடம் நிற்க அவருக்கு நேரம் இருக்காது. இன்று நின்றார். இசக்கியக்கா வீட்டு வாசலில் போய் நின்று, இனிமேல் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். சுவர் முழுக்க இவ்வளவு நத்தை ஏறியிருக்கிறது, உங்கள் கண்ணுக்கு அது படவில்லையா என்றும் கேட்டார். நான் சமையலறை ஜன்னல் அருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 

கழுத்து விறைக்கிறதா என்று மூன்று தடவை ஹெப்சியின் தலையைக் குனிய வைத்துப் பார்த்தேன். தாடை நெஞ்சைத் தொடுகிறது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, நான் பிடரியில் கை வைத்தாலே இப்போது தானாகக் குனிகிறாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

தவசிங் கையுறை போட்டுக்கொண்டு சுவரில் இருந்த நத்தைகளை எல்லாம் வாளியில் பொறுக்கி உப்பைக் கொட்டினார். தெருவில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். இசக்கியக்கா தன் வீட்டு உப்பு ஜாடியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

பின்னறையில் என் ஆய்வுப் பெட்டிகள் இருக்கின்றன. கல்லூரி ஆய்வகத்தின் கூரை ஒழுகுவதால் போன வாரம் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆய்வகத்தில்தான் வைக்க வேண்டும் என்று வனத்துறை அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது. ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். அந்த அறைக்கு இன்று பூட்டு வாங்கிப் போட்டேன்.

98.4. நன்றாகத் தூங்கினாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தெருவில் வெடிச்சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் ஹெப்சி காதைப் பொத்திக்கொள்வதைப் பார்த்து, சத்தத்தில் தலை வலிக்கிறதோ என்று பயந்தேன். எல்லாக் குழந்தைகளும் பொத்திக்கொள்கின்றன.

இசக்கியக்கா தூக்குச்சட்டியில் முறுக்கு கொண்டுவந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். தவசிங் வாங்கவில்லை, வீட்டில் யாரும் சாப்பிடுகிற நிலையில் இல்லை என்றார். அப்போது இசக்கியக்கா சொன்னார்.

"மழை வந்துட்டுன்னு கொடியில கெடந்த துணிய எடுக்கத்தான் சார் போனேன். ரெண்டு நிமிசம் இருக்கும். நா வளத்த பிள்ள சார் அது."

தவசிங் உள்ளே வந்துவிட்டார். நான் ஹெப்சிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்ததால் எழுந்து போக முடியவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

காலையில் ஒரு தடவை வாந்தி. பால் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அதன் பிறகு இல்லை. நான் நாள் முழுக்க உட்காரவில்லை.

நவம்பர் 2, சனி

ஹெப்சி நன்றாக இருக்கிறாள். இன்று பெட்டிகளுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்ததால் பின்னறையைத் திறந்தேன்.

உள்ளே இருக்கும் நத்தைகளைத் தோணிப்பாறைக் காட்டில் எடுத்தேன். நான்கு வருடமாக அந்த மலைக்குப் போய்வருகிறேன். ஒரே ஒரு பாறைச்சரிவில், சருகுக்கு அடியில் மட்டும் இந்த நத்தை இருக்கிறது. தட்டையான சுருள், செம்பழுப்பு நிறம், நான்கு சுற்று. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் சிறியது. வயது வந்ததும் வாயின் விளிம்பு தடித்துக்கொள்ளும். வாய்க்கு ஒரு வட்ட மூடி உண்டு. தொட்டால் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு மூடியை அடைத்துக்கொள்ளும். அப்படியே பல நாள் கிடக்கும். நம் மலைகளில் மூடி நத்தைகள் பல வகை. ஆனால் இதன் மூடியில் உள்ள வரிகளும், விளிம்பு மேலெழும்பி நிற்கும் விதமும் நான் படித்த எந்த வகையோடும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு வகையாக ஒப்பிட்டு, இது இல்லை, இது இல்லை என்று தள்ளித் தள்ளியே நான்கு வருடம் போயிற்று.

தோட்டத்து ஆப்பிரிக்க நத்தைக்கு மூடி கிடையாது. அதன் குஞ்சுக்கு விளிம்பு தடிக்காது.

பெட்டியில் பதினான்கு உயிருள்ளவை இருந்ததாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். இன்று எண்ணினேன். பன்னிரண்டு. சருகைப் புரட்டி மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. பதிவேட்டில் நான் தவறாக எழுதியிருக்கலாம்.

இசக்கியக்கா கொடுத்த பொதியை இன்னும் லென்ஸில் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும்.

நவம்பர் 4, திங்கள்

மூடி நத்தைகளில் கைதேர்ந்தவர் ஒருவர் புனேயில் இருக்கிறார். ஆகஸ்டில் அவருக்குப் படங்கள் அனுப்பியிருந்தேன். இன்று பதில் வந்தது. இதுவரை யாரும் விவரிக்காத வகையாகத்தான் தெரிகிறது என்கிறார். ஓட்டை மட்டும் வைத்து எந்தப் பேரினம் என்று முடிவு கட்ட முடியாது, உடம்பையும் நாக்கில் உள்ள பல் பட்டையையும் பார்க்க வேண்டும், உயிருள்ளவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள், டிசம்பரில் நானே வருகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

இந்தக் கடிதத்துக்காகத்தான் நான்கு வருடம் காத்திருந்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு எழுந்துபோய் ஹெப்சிக்குச் சூடு பார்த்தேன். 98.6.

பெட்டியில் உள்ளவற்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே புழு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் அவள் தின்றது பெட்டியில் இருந்ததுதான் என்றால்தானே அதற்கு அர்த்தம். எந்த நத்தையானாலும் மருந்து ஒன்றுதான். அதைக் கொடுத்தாயிற்று.

நவம்பர் 5, செவ்வாய்

துணி காயப்போடும்போது இசக்கியக்கா மதில் வழியாக, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். ஐந்து வாரமும் ஒருவேளைச் சோறுதான் என்று அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாராம். ஏற்கெனவே அவருக்குச் சர்க்கரை. அப்படிச் செய்யாதீர்கள் அக்கா என்றேன். வேறு என்ன செய்வது என்று கேட்டார். ஹெப்சி அவர் குரலைக் கேட்டு ஓடிவந்தாள். அவர்தான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 6, புதன்

மாலை 101. இரவு 102.6. பதினோராம் நாள்.

நவம்பர் 8, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். ஹெப்சி தூங்குகிறாள். கையில் ஊசிக்குழாய் குத்தி அட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

நேற்றுக் காலை இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். தலையைத் தொட விடவில்லை. தூக்கினால் அழுதாள், படுக்கவைத்தாலும் அழுதாள், பிறகு அழக்கூட இல்லை. அழாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சேர்த்துவிட்டோம். டாக்டர் கோமதிநாயகம் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கழுத்தைக் குனிய வைத்துப் பார்த்தார். வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆனாலும் குனிந்தாள். நான் அவளைப் பழக்கியிருந்தேன்.

டாக்டர் எங்களைத் திரைக்கு வெளியே கூப்பிட்டார். இரத்தம் எடுத்தாயிற்று, ஆனால் மூளைக்காய்ச்சலா என்று தெரிய முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். 

"மேடம், இப்பவாவது சொல்லுங்க. அது எந்த நத்தை?"

இன்னும் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"தோட்டத்து நத்தை இல்ல டாக்டர். என் பெட்டியில இருந்தது. நான் மலையில இருந்து கொண்டுவந்தது."

எப்படித் தெரியும் என்று கேட்டார். மூடி இருந்தது என்றேன். ஒன்றில்லை, இரண்டு காணவில்லை என்றும் சொன்னேன். ஒன்றைத்தான் இசக்கியக்கா தோண்டி எடுத்திருக்கிறார். இன்னொன்றை முழுசாக விழுங்கியிருப்பாள். காலையில் நான் கிளம்புகிற அவசரத்தில் பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. பெட்டியின் மூடியை நான் சரியாக அழுத்தவில்லை. அவள் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

இவ்வளவையும் டாக்டரைப் பார்த்தே சொன்னேன். தவசிங் என்னைப் பார்க்கவில்லை. திரைக்கு அடியில் தெரிந்த கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதே பெட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு இருக்கிறது என்றேன். இன்றைக்கே உடைத்துப் பாருங்கள், அதில் புழு இருந்தால் நான் காத்திருக்க முடியாது என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தேன். எனக்குத் தெரிந்த பீர்முகமது கால்நடைக் கல்லூரியில் ஒட்டுண்ணிகள் பற்றிப் பாடம் நடத்துபவர். போகிற வழியிலேயே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் போனபோது அவர் கரைசலைத் தயாராக வைத்திருந்தார். நம் வயிற்று அமிலம் மாதிரிதான் அதுவும். உடைத்த நத்தையை அதில் போட்டு உடம்புச்சூட்டில் வைத்தால் சதை கரைந்துவிடும், புழு இருந்தால் அது மட்டும் நெளியும்.

பன்னிரண்டும் மூடியை அடைத்துக்கொண்டு கிடந்தன. கல்வத்தில் போட்டு ஒவ்வொன்றாக நான்தான் உடைத்தேன். பீர்முகமது சார் தான் செய்வதாகச் சொன்னார், நான் விடவில்லை.  

ஒன்பது தட்டுகளில் ஒன்றும் இல்லை. பத்தாவது தட்டில் நெளிந்தது. பன்னிரண்டாவதிலும்.

என்னால் அதற்குமேல் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அளந்தார், படம் எடுத்தார், புத்தகத்தைப் புரட்டினார், மறுபடி பார்த்தார். மேசைக்கு அடியில் அவருடைய செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் நான்கு வருடமாகச் செய்துவந்த வேலையைத்தான் அவரும் செய்துகொண்டிருந்தார். இது இல்லை, இது இல்லை என்று தள்ளுவது.

"மேடம், எந்திரிங்க. இது அது இல்ல."

தலையின் அமைப்பு வேறு, வால் முடிகிற விதம் வேறு என்று காட்டினார். நத்தைகளிலேயே பிறந்து நத்தைகளிலேயே வாழும் ஏதோ ஒரு புழு என்றார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணு மட்டும் சொல்லணும். இந்தப் பன்னெண்டுல இல்ல, அவ்வளவுதான். பிள்ள தின்ன ரெண்டுல என்ன இருந்துச்சுன்னு இது சொல்லாது."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில் தவசிங் போன் செய்தார். இரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. டெங்கு. புழு இருந்தால் ஏறியிருக்க வேண்டிய அணுக்கள் ஏறவில்லை. முதுகு ஊசியை இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைக்கு டெங்கு என்று கேட்டு நடுரோட்டில் ஆட்டோவுக்குள் கர்த்தருக்கு நன்றி சொன்ன தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 9, சனி

நன்றி சொன்னது அவசரம். காலையில் இரத்தத் தட்டணுக்கள் எழுபதாயிரம். சாயங்காலம் ஐம்பத்திரண்டாயிரம். இங்கே பக்கத்துப் படுக்கையில் இருந்த குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

நாற்பத்தோராயிரம். ஈறில் கொஞ்சம் இரத்தம்.

தவசிங்கும் நானும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறோம். வராந்தாவில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, இசக்கியக்காவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"நான் சொல்லமாட்டேன் பியூலா. அவங்க வாசல்ல நின்னு நான் பேசினதே எனக்குப் போதும். நீதான் போகணும்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 11, திங்கள்

இசக்கியக்கா இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதால் மேலே விடவில்லை. தவசிங் கீழே இறங்கிப்போனார். ஜன்னலில் இருந்து பார்த்தேன். ஒரு பாட்டிலில் இளநீர். தவசிங் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இசக்கியக்கா நிமிர்ந்து மாடி ஜன்னல்களை எல்லாம் பார்த்தார். எது எங்கள் அறை என்று அவருக்குத் தெரியாது. நான் திரைச்சீலையை விட்டுவிட்டேன்.

நாற்பத்து நான்காயிரம். ஏறியிருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

அறுபத்தாறாயிரம். தோசை கேட்டாள்.

நவம்பர் 14, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நகராட்சி ஆள் வந்து தெரு முழுக்கப் புகை அடித்துவிட்டுப் போனார்.

டாக்டர் இன்னும் நோட்டை மூடச் சொல்லவில்லை. டெங்கு வந்ததால் மற்றது வராது என்று ஆகிவிடாது. இன்னும் பதினாறு நாள்.

நவம்பர் 19, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. வாந்தி இல்லை. நடை சரி.

புனேக்காரருக்கு எழுதினேன். உயிருள்ளவை எதுவும் இல்லை, ஓடுகள் எல்லாம் உடைந்துவிட்டன, மூடிகள் பன்னிரண்டு மட்டும் முழுசாக இருக்கின்றன. காரணத்தையும் எழுதினேன். துறைத் தலைவரிடமும் போய், பெட்டிகளை அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்திருந்ததைச் சொன்னேன். எழுத்தில் கொடுங்கள் என்றார், கொடுத்தேன். வனத்துறைக்கு அனுப்புவார்கள். இனி தோணிப்பாறைக்குப் போக அனுமதி கிடைக்குமா என்று தெரியவில்லை.

இன்று இரண்டு பேரிடம் சொல்லியாயிற்று. இரண்டு பேருமே பக்கத்து வீட்டில் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

புனேயிலிருந்து ஒரே வரி: குழந்தை எப்படி இருக்கிறாள்?

நவம்பர் 25, திங்கள்

ஹெப்சி கூடத்தில் நடக்கும்போது இடறி விழுந்தாள். எழுந்து இரண்டடி வைத்ததும் மறுபடி இடறினாள். நடை. கால் மரத்துப்போவதும் ஓர் அறிகுறி. நான் போட்ட சத்தத்தில் தவசிங் குளியலறையில் இருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தார். அவர்தான் கண்டுபிடித்தார், செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தாள்.

தவசிங் சிரித்தார். ஒரு மாதத்தில் முதல் தடவை. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார். பிறகு நினைவு வந்ததுபோல் நிறுத்திக்கொண்டார்.

நவம்பர் 27, புதன்

இன்றும் போகவில்லை. இசக்கியக்கா வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

நவம்பர் 30, சனி

முப்பத்தைந்தாம் நாள். டாக்டர் கோமதிநாயகம் ஹெப்சியை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். அவள் டாக்டரின் மூக்கைத் தொட்டாள். இரத்தமும் சரியாக இருக்கிறது. இனி பயப்பட வேண்டாம், நோட்டை மூடிவிடுங்கள் என்றார்.

நாளைக்கு ஒரு நாள் எழுதிவிட்டு மூடுகிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், ஹெப்சியைத் தவசிங்கிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

இசக்கியக்கா அடுப்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட் தோளில் தொங்கியது. ஒரு மாதத்தில் இவ்வளவு இளைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து வாரமும் ஒருவேளைச் சோறு என்பதை அவர் சும்மா சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். பிள்ளைக்கு இனிப் பயம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நாற்காலி எடுத்துப் போட்டார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

பிறகு சொன்னேன். அது உங்கள் சுவரில் இருந்த நத்தை இல்லை, என் வீட்டுப் பெட்டியில் இருந்தது, என் கவனக்குறைவு, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒப்பித்ததுபோல் ஒரே மூச்சில் சொன்னேன். வகுப்பில்கூட நான் அவ்வளவு வேகமாகப் பேசுவதில்லை.

 அவர் முறத்தில் கிடந்த அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

"இது ஒங்களுக்கு என்னைக்கு டீச்சர் தெரியும்?"

ஆஸ்பத்திரியில் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். பெட்டியை எண்ணியபோது தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். இந்த நோட்டில் நான் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அன்னைக்கே தெரியும்க்கா. நீங்க அந்தக் காகிதத்த என் கையில குடுத்தப்பவே. பிரிச்சதும் அந்த மூடியப் பாத்துட்டேன்."

வட்டமாக ஏதோ ஒன்று என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். பத்தாயிரம் மூடிகளுக்கு நடுவே போட்டாலும் அந்த மூடியை எனக்கு அடையாளம் தெரியும்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபத்துக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"பிள்ளைக்கு டெங்குன்னு சார் சொன்னாவ. நம்ம வீட்டுத் தொட்டியில உள்ள கொசுதான் கடிச்சிருக்குமோன்னு தொட்டி, கொடம், பூந்தொட்டி எல்லாத்தையும் கவுத்துப் போட்டேன் டீச்சர். தண்ணியே பிடிச்சு வைக்கல. எதுத்த வீட்டுல போய் வாங்கிக் குடிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் கை என் கையை மறுபடி பிடிக்கவும் இல்லை. நாளையிலிருந்து ஹெப்சியை மறுபடி அனுப்பலாமா என்று கேட்டேன். அதைவிடப் பெரிதாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை என்று நினைத்துத்தான் கேட்டேன்.

இசக்கியக்கா வேகமாகத் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் டீச்சர். வருத்தம்லாம் இல்ல. பிள்ளையப் பாக்காம எனக்கு இருப்புக் கொள்ளல, அது நெசந்தான். ஆனா இனி எந்தப் பிள்ளையையும் நா தூக்கமாட்டேன். வாயில எதையாவது போட்டுருமோ, வாயில எதையாவது போட்டுருமோன்னு... எனக்குப் பயமா இருக்கு."

சொல்லும்போதே அவர் கண் முற்றத்துத் தரையை மூலைக்கு மூலை தேடியது. அங்கே குழந்தை யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். சொல்லிவிட்டாயா என்று தவசிங் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். இன்னும் வரவில்லை.